அப்பாவின் மெடிகேர் பிளானில் 5,900 டாலர் லிமிட் என்றால், அது யாருக்கு லிமிட்?

எடிசன்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது. கிரீன் கார்டில் வந்து ஐந்து வருஷம் முடிந்ததும் மெடிகேரில் (65 வயதானவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ்) பார்ட் ஏ (ஆஸ்பத்திரி), பார்ட் பி (டாக்டர், வெளிச் சிகிச்சை) இரண்டையும் காசு கட்டி வாங்கி, அதையே தனியார் கம்பெனி மூலம் தரும் மெடிகேர் அட்வான்டேஜில் ஹெச்எம்ஓ (தன் நெட்வொர்க்கில் உள்ள டாக்டர்களிடம் மட்டும் போகச் சொல்லும்) பிளான் ஒன்றில் சேர்த்தேன். அம்மா (68) பின்னால் வந்தவர், அவருக்கு பார்ட் பி ஆரம்பித்ததே இந்த ஆகஸ்ட் 1-இல்தான், அவரையும் அதே பிளானில் போட்டாயிற்று.

பிளான் தாளில் வருஷத்துக்கு 5,900 டாலர் என்று ஒரு உச்ச வரம்பு இருக்கிறது. அப்பா ஊரில் இருந்தபோது ஆபீஸ் இன்சூரன்ஸில் "மூணு லட்சம் வரைக்கும்" என்று பார்த்துப் பழகியவர், அதனால் "5,900 வரைக்கும்தான் அவன் குடுப்பான், மேல போனா உன் தலையில" என்கிறார். மார்ச்சில் பித்தப்பை ஆபரேஷன், அப்புறம் ஸ்கேன், டாக்டருக்கு நம் பங்காகக் கட்டும் கோ-பே என்று இதுவரை 4,300 கட்டிவிட்டோம். இப்போது முட்டி மாற்று ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். "1,600தான் பாக்கி இருக்கு, அது எந்த மூலைக்கு?" என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார், பார்க்கவே முடியவில்லை. போதாக்குறைக்கு மருந்துக்கடையில் கட்டிய 900 டாலர் அந்தக் கணக்கில் ஏறவே இல்லை. அம்மா செலவும் இதிலேயே சேருமா? பிளான்காரரிடம் போனில் கேட்டேன், பாதிதான் புரிந்தது.

ஃப்ரிஸ்கோ மாமி:
தம்பி, அப்பா அப்படியே தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார். ஊரில் சொல்வது கம்பெனி கொடுக்கும் தொகைக்கு வரம்பு. இங்கே 5,900 என்பது உங்கள் கைக்காசுக்கு வரம்பு. அதைத் தொட்டதும், பார்ட் ஏ, பார்ட் பி-யில் அடங்கும் சிகிச்சைக்கு டிசம்பர் 31 வரை நீங்கள் கோ-பே கட்டவேண்டாம், முழுதும் பிளான் தலையில். 1,600 பாக்கி என்றால் இந்த வருஷத்துக்குள் நடக்கும் முட்டி ஆபரேஷனுக்கு உங்களுக்கு ஆகக்கூடியது அதிகபட்சம் 1,600, பில் எத்தனை ஆயிரம் வந்தாலும் சரி. என் வீட்டுக்காரருக்கும் இதே குழப்பம்தான், பேப்பரில் படம் போட்டுக் காட்டித்தான் ஒத்துக்கொண்டார்.

அம்மா கணக்கு தனி. வேலை பார்க்கிற கம்பெனி இன்சூரன்ஸில் குடும்பத்துக்கு ஒரு வரம்பு என்று இருக்குமே, அது மெடிகேரில் கிடையாது, ஆளுக்கு ஒன்று. மருந்துக்கடை மாத்திரைகள் பார்ட் டி என்ற மருந்துப் பிரிவில் வரும். அதற்கு வேறு வரம்பு, 2026-க்கு 2,100 டாலர். உங்கள் 900 அங்கே ஏறியிருக்கும், பாருங்கள்.

பில்லிங்காரன்:
மாமி சொன்னது சரி. நான் ஒரு கிளினிக்கில் பில்லிங் பார்க்கிறேன், ஜனங்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று தினமும் பார்ப்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மாதப் பிரீமியம் இந்த வரம்பில் சேராது. பல், கண்ணாடி மாதிரி பிளான் கூடுதலாகத் தரும் சமாச்சாரங்களும் பெரும்பாலும் சேராது. ஆனால் ஆஸ்பத்திரியில் வைத்து நரம்பில் ஏற்றும் கீமோ மாதிரி மருந்து பார்ட் பி-யில் வரும், அது சேரும். மருந்து என்றாலே பார்ட் டி என்று நினைத்துவிடாதீர்கள். ஹெச்எம்ஓவில் நெட்வொர்க்குக்கு வெளியே நீங்களாகப் போய்ப் பார்த்தால் (எமர்ஜென்சி வேறு கதை) அது முழுதும் உங்கள் செலவு, வரம்பிலும் ஏறாது. பிபிஓ (நெட்வொர்க்குக்கு வெளியேயும் போகவிடும் பிளான்) என்றால் வெளிச் செலவையும் சேர்த்து இன்னொரு பெரிய வரம்பு இருக்கும். சட்டப்படி 2026-இல் நெட்வொர்க்குக்குள் 9,250-க்கு மேலும், உள்ளும் வெளியும் சேர்த்து 13,900-க்கு மேலும் எந்த பிளானும் வைக்கக்கூடாது. உங்களுடையது 5,900, பரவாயில்லை.

முக்கியமானது தேதி. ஜனவரி 1 அன்று மீட்டர் பூஜ்யத்துக்குப் போய்விடும். ஆபரேஷனை டிசம்பர் கடைசியில் வைத்தால் பிசியோதெரபி எல்லாம் புது வருஷத்தில் விழும், ஒவ்வொரு தடவையும் கோ-பே. நவம்பர் முதல் பாதியில் தேதி கிடைத்தால் பிசியோவில் பெரும்பகுதி இந்த வருஷத்திலேயே முடிந்துவிடும். பிளானின் முன் அனுமதி வந்துவிட்டதா என்று டாக்டர் ஆபீஸில் இன்றே கேளுங்கள், அது இழுத்தால் நவம்பர் போய்விடும். பிளான் அனுப்பும் ஈஓபி (செலவு விவரக் கணக்கு) தாளில் இதுவரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று போட்டிருப்பார்கள். உங்கள் ரசீதோடு ஒத்துப் பாருங்கள், நீங்கள் சொல்லும் 4,300-உம் அவர்களுடைய எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று.

சான் ஹோசே கிழவன்:
நான் வேறு கட்சி. அட்வான்டேஜில் வரம்பு இருக்கிறது என்று எல்லோரும் மகிழ்கிறோம், சரி. ஒரிஜினல் மெடிகேருக்கு (தனியார் பிளான் இல்லாமல் அரசே நேராகத் தருவது) அந்த வரம்பே கிடையாது, பார்ட் பி-யில் 20 சதவீதம் நம்முடையது, அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதோடு மெடிகேப் (மெடிகேர் கட்டாமல் விடும் பங்கைக் கட்டும் துணை இன்சூரன்ஸ்) பிளான் ஜி எடுத்தால் அந்த 20 சதவீதத்தை அது கட்டும். மெடிகேர் ஏற்கும் சிகிச்சைக்கு வருஷத்தில் உங்கள் கைக்காசு பார்ட் பி கழிவுத் தொகை (முதலில் நாம் கட்டவேண்டியது), 2026-இல் 283 டாலர், அவ்வளவுதான். மெடிகேர் வாங்கும் எந்த டாக்டரிடமும் போகலாம், நெட்வொர்க் தொல்லை இல்லை. மாதப் பிரீமியம் அதிகம், அது நிஜம்.

அப்பாவுக்கு இது கஷ்டம், பார்ட் பி வந்து ஆறு மாதம் தாண்டிவிட்டதால் மெடிகேப் கம்பெனி உடம்புக் கேள்வி கேட்டுத் தட்டிக்கழிக்கலாம். நியூயார்க், கனெக்டிகட் மாதிரி சில மாநிலங்களில் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது, நியூ ஜெர்சி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அம்மாவுக்கு பார்ட் பி ஆகஸ்ட் 1 என்றீர்களே? அந்த ஆறு மாதம் ஜனவரி 31 வரை ஓடுகிறது! அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரைக்குள் தனி பார்ட் டி பிளான் ஒன்றில் சேர்த்தால் ஹெச்எம்ஓவிலிருந்து தானாக வெளியே வந்துவிடுவார், மெடிகேப்பை ஜனவரி 1 முதல் தொடங்கும்படி இப்போதே விண்ணப்பிக்கலாம். சர்க்கரை, பிரஷர் எது இருந்தாலும் மறுக்க முடியாது. உங்கள் மாநில ஷிப் (மெடிகேர் பற்றி வழிகாட்டும் அரசு உதவித் திட்டம்) ஆலோசகரிடம் ஒரு தடவை பேசிவிட்டுச் செய்யுங்கள், இலவசம், எந்த பிளானையும் விற்கமாட்டார்கள்.

எடிசன்வாசி:
அம்மா விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ரொம்ப நன்றி அண்ணா. ஷிப்பில் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். ஈஓபி பார்த்தேன், 4,180 என்றிருக்கிறது. மீதி 120 பல் டாக்டருக்குக் கொடுத்தது, நான்தான் சேர்த்து எண்ணிவிட்டேன். ஆக பாக்கி 1,720. முட்டிக்கு நவம்பர் 10 தேதி கிடைத்திருக்கிறது, முன் அனுமதிக்கு அனுப்பிவிட்டார்களாம். அப்பாவிடம் மாமி சொன்ன மாதிரி படம் போட்டே காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப மிச்சத்தை எல்லாம் அவனே கட்டுவானா? எதுக்கும் எழுதி வாங்கிக்கோ" என்கிறார்.