சாத்தனூர், காரை நடைப்பயணத்துக்கு வழிகாட்ட ஒரு நிலவியலாளர் தேவை

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். பெரம்பலூர் மாவட்டத்தின் நிலவியலையும் மரபையும் உள்ளூர் மக்களே நடந்து சென்று அறியும் வகையில், சுமார் 25 பேருக்கு ஒரு நாள் பயணத்தை நானும் சில ஆசிரியர்களும் திட்டமிட்டு வருகிறோம். இதற்கு உங்கள் உதவி தேவைப்படுகிறது.

காலையில் சாத்தனூர் கல்மரத்தில் தொடங்க விரும்புகிறோம். பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கிரிட்டேசியஸ் காலத்தில் கடல் படிவுகளில் புதையுண்டு, மரப்பொருள் இருந்த இடத்தில் சிலிக்கா என்னும் கனிமம் படிந்து கல்லாகிப்போன, சுமார் 18 மீட்டர் நீளமுள்ள அந்த மரத்தை 1940இல் நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் அருகிலேயே வாழ்ந்தும் அதன் கதையை அறியாத பிள்ளைகள் பலர் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. அங்கிருந்து காரை என்னும் ஊருக்குச் சென்று, மழைநீர் அரித்த களிமண் மேடுகளையும், அவற்றில் ஓடும் ஜிப்சம் கனிம இழைகளையும், அம்மோனைட் போன்ற கடலுயிர்களின் புதைபடிவங்களையும் பார்த்துவிட்டு, மாலையில் இரஞ்சன்குடிக் கோட்டையை அடையலாம் என எண்ணுகிறோம்.

படிவுகளைக் களத்திலேயே எளிய தமிழில் விளக்கக்கூடிய நிலவியல் பேராசிரியரோ ஆய்வு மாணவரோ உங்களுக்குத் தெரிந்திருந்தால் தயவுசெய்து அறிமுகப்படுத்துங்கள். காரைப் பகுதிக்குள் குழுவாகச் செல்ல எந்த அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். புதைபடிவங்களை எவரும் எடுத்துச் செல்லக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். சிறுவர்களுக்கு அதை மனத்தில் பதியும்படி எடுத்துச் சொல்லிப் பழகியவர்கள் உடன் வந்தால் பெரிதும் மகிழ்வோம்.