செலவே வைக்காத பழைய மென்பொருளை ஏன் மாற்ற வேண்டும்?

கேள்வி – சிங்கப்பூர் சிராங்கூன் சாலை மொத்த வியாபாரி

அப்பா தொடங்கிய மளிகை மொத்த வியாபாரத்தை இப்போது நான் கவனித்து வருகிறேன். உணவகங்களுக்கும் சிறு கடைகளுக்குமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ அறுபது இன்வாய்ஸ் போடுகிறோம். சரக்கு இருப்பு, விற்பனை, கடன் பாக்கி ஆகிய அனைத்தும் 2010இல் ஒருவர் எழுதிக் கொடுத்த மென்பொருளில், விண்டோஸ் 7 உள்ள ஒரே கணினியில் இருக்கின்றன. அதற்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது. அதனால்தான் அப்பா, செலவே வைக்காத ஒன்றை எதற்கு மாற்றுகிறாய் என்று கேட்கிறார்.

எனக்கு உறுத்தல் தொடங்கியது பொருள் சேவை வரி உயர்ந்தபோதுதான். 2023இல் அது 8 விழுக்காடாகவும் 2024இல் 9 விழுக்காடாகவும் ஆனது. மென்பொருளுக்குள் 7 விழுக்காடு என்று பதிந்திருப்பதை மாற்ற எங்களுக்குத் தெரியவில்லை, எழுதிக் கொடுத்தவரும் தொழிலை விட்டுவிட்டார். எனவே கணக்குப் பார்க்கும் அக்கா, வரியைக் கால்குலேட்டரில் கணக்கிட்டு, அதையும் ஒரு சரக்கைப் போல இன்வாய்ஸின் கடைசியில் தட்டிச் சேர்த்து வருகிறார். இதற்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று அப்பாவிடம் எப்படிக் காட்டுவது?

பதில் 1 – சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுபவர்

இந்தச் செலவு சம்பளத்துக்குள் ஒளிந்திருப்பதால் உங்கள் அப்பாவின் கண்ணில் படவில்லை. அறுபது இன்வாய்ஸுக்கும் வரியைத் தனியே கணக்கிட்டுத் தட்ட, ஒன்றுக்கு முக்கால் நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 45 நிமிடம் போகிறது. மாதம் 26 நாள் வேலை என்றால் 19.5 மணி நேரம். மணிக்கு 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று கொண்டால் மாதம் 351 வெள்ளி, ஆண்டுக்கு 4,212 வெள்ளி. உங்கள் உண்மையான எண்களைப் போட்டு அவர் எதிரிலேயே கணக்கிட்டுக் காட்டுங்கள்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறொன்று. வரியைச் சரக்காகப் பதிந்தால், மென்பொருள் காட்டும் விற்பனைத் தொகைக்குள் வரியும் சேர்ந்துவிடும். ஒவ்வொரு காலாண்டும் அதைக் கழித்த பிறகே வரிப் படிவத்தை நிரப்ப வேண்டும். ஒருமுறை கழிக்க மறந்தாலும், பிழையைத் திருத்த எஃப்7 படிவம் போட்டு, பழைய இன்வாய்ஸ்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கும். (உங்கள் இருப்புப் பட்டியலில் 'வரி' என்னும் சரக்கு இந்நேரம் பல்லாயிரம் மூட்டை பற்றாக்குறையில் இருக்குமே, யாராவது பார்த்தீர்களா?)

அந்த அக்கா இரண்டு வாரம் விடுப்பு எடுத்தால் யார் இன்வாய்ஸ் போடுவார் என்றும் கேட்டுப் பாருங்கள். யாரும் இல்லை என்பது விடையானால், உங்கள் மென்பொருளாக இப்போது இயங்குவது அவர்தான்.

பதில் 2 – கணினிப் பராமரிப்புப் பணியில் இருப்பவர்

விண்டோஸ் 7க்கு மைக்ரோசாப்ட் அளித்த பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. 2023இல் கூகுள் குரோமும் அதைக் கைவிட்டது. ஆகவே வங்கி வேலைகளை நீங்கள் கைப்பேசியில் பார்த்து, பேநவ் என்னும் உடனடிப் பணப் பரிமாற்ற வசதியில் வந்த பணத்தின் விவரத்தை வாட்ஸ்அப் படமாக அக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நான் போகும் கடைகளில் அடிக்கடி காணும் காட்சி இது.

இணையத்தில் இணைந்திருந்தால் ஆபத்தும் உண்டு. 2017 மே மாதம் பரவிய, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னகிரை என்னும் தீநிரல், மார்ச் மாதமே திருத்தம் வெளியாகியிருந்த விண்டோஸ் ஓட்டை வழியாகத்தான் புகுந்தது. அப்போது திருத்தமாவது கிடைத்தது. உங்கள் கணினிக்கு இனி அதுவும் வராது.

மென்பொருளின் கோப்புப் பெயர்கள் டிபிஎஃப் (.dbf) என்று முடிகின்றனவா என்று பாருங்கள். அது ஃபாக்ஸ்புரோ என்னும் பழைய தரவுத்தள மென்பொருளில் எழுதப்பட்டதாக இருந்தால், ஒரு கோப்பு 2 ஜிபியைத் தாண்ட முடியாது. எல்லையை எட்டும்போது பதிவுகள் கெட்டுப்போகலாம். பென்டிரைவில் எடுத்து வைக்கும் நகல் உண்மையிலேயே திறக்கிறதா என்று இன்னொரு கணினியில் சோதித்திருக்கிறீர்களா? கணக்குப் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருப்பது சட்டக் கடமை என்பதால் முதலில் இதைச் செய்யுங்கள், மாற்றுவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

பதில் 3 – கேட்டரிங் நடத்துபவர்

தம்பி, அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நாங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினோம். பழசு என்பதற்காக டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரையும் தூக்கிப் போட்டுவிட்டு, மறு வாரமே புதிதாக ஒன்று வாங்கினோம். லாரி ஓட்டுநர் கையெழுத்து வாங்கும் மூன்று கார்பன் நகலை லேசர் பிரிண்டரால் ஒரே அடியில் எடுக்க முடியவில்லை. யாரையும் இரட்டை வேலை செய்ய வைக்காத பழைய பொருளை அப்படியே விட்டுவிடுங்கள்.

இன்னொரு தவறு, காலாண்டின் நடுவில் மாறியது. பாதி விற்பனை ஒரு மென்பொருளிலும் மீதி மற்றொன்றிலும் கிடந்ததால், வரிப் படிவம் நிரப்பவே எங்களுக்கு மூன்று இரவு ஆனது. இப்படி மென்பொருள் வாங்க, தகுதியுள்ள சிறு நிறுவனங்களுக்கு அரசின் உற்பத்தித்திறன் தீர்வு மானியம் செலவில் 50 விழுக்காடு வரை கிடைக்கும்; ஆனால் விண்ணப்பிக்கும் முன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவோ முன்பணம் கட்டவோ கூடாது. விற்பனையாளர் அவசரப்படுத்துவார், அசையாதீர்கள். நாளை அவரை விட்டு விலகினால் உங்கள் கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பத்து ஆண்டு கழித்து இதே கேள்வியுடன் உங்கள் மகன் வந்து நிற்பார்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கோப்புகள் டிபிஎஃப்தான்; பெரியது 1.7 ஜிபி. 'வரி' என்னும் சரக்கின் இருப்பைப் பார்த்து அப்பா முதலில் சிரித்தார், பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. நேற்று பென்டிரைவ் நகலை வேறு கணினியில் போட்டுப் பார்த்தோம். கடந்த மார்ச் மாதத்துக்குப் பிந்திய நகல் எதுவும் திறக்கவில்லை. புதிய நகல் எடுத்துத் திறந்து பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் போனேன்.

நான் கிளம்பும்போது அக்கா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். மென்பொருள் எங்கெங்கே தவறும், அப்போது எந்த எண்ணைக் கையால் திருத்த வேண்டும் என்று 2016 முதல் எழுதி வைத்திருக்கிறார். இதுவரை யாரும் கேட்டதில்லையாம். 61 பக்கம் இருக்கிறது. எந்த விற்பனையாளரையும் அழைப்பதற்கு முன் அதைப் படித்து முடிக்கப் போகிறேன்.