ஹேப்பன், அக்கர், டேக் பிளேஸ்: எதை எங்கே போடுவது?

மில் ஃபிட்டர்:
வணக்கம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் மெயின்டனன்ஸ் வேலை. பத்தாவது வரை தமிழ் வழி, அப்புறம் ஐடிஐ. மெஷினில் கோளாறு என்றால் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதித் தர வேண்டும். போன மாதம் ஸ்டென்டர் (துணியை விரித்து உலர்த்தும் மெஷின்) பேனலில் ஷார்ட் சர்க்யூட் ஆனது. 'எ ஷார்ட் சர்க்யூட் வாஸ் ஹேப்பண்ட்' என்று எழுதினேன். மேனேஜர் 'வாஸ் ஹேப்பண்ட்' என்பதை அடித்துவிட்டு 'அக்கர்ட்' என்று மாற்றினார். சரி, இனி எல்லாவற்றுக்கும் அதுதான் என்று நினைத்து, இந்த வாரம் ஃபயர் டிரில் பற்றியும் 'அக்கர்ட்' என்றே எழுதினேன். அதையும் அடித்து 'டுக் பிளேஸ்' போட்டுவிட்டார். கேட்டால் "எழுத எழுத வரும்" என்கிறார். எல்லாமே 'நடந்தது'தானே? யாராவது புரியும்படி சொல்லுங்கள்.

ஓய்வு ஆசிரியை:
தம்பி, இந்த வித்தியாசம் உங்கள் வாயிலேயே இருக்கிறது. ஷார்ட் சர்க்யூட் 'நடைபெற்றது' என்று சொல்வீர்களா? 'ஏற்பட்டது' என்பீர்கள். ஃபயர் டிரில் 'ஏற்பட்டது' என்பீர்களா? 'நடைபெற்றது' என்பீர்கள். நாள் குறித்து, ஏற்பாடு செய்து நடப்பதற்கு டேக் பிளேஸ். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் 'டுக் பிளேஸ்'. யாரும் திட்டமிடாமல் வருவதற்கு அக்கர். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிலநடுக்கம் 'அக்கர்ட்'. ஹேப்பன் என்பது நம் 'நடந்தது' மாதிரி, பேச்சில் எங்கும் வரும். "என்னப்பா நடந்தது?" என்று கேட்க 'வாட் ஹேப்பண்ட்' தவிர வேறெதுவும் பொருந்தாது. ரிப்போர்ட் என்றால் அக்கர் கொஞ்சம் கட்டுக்கோப்பாக இருக்கும், அதனால் மாற்றியிருப்பார்.

'வாஸ் ஹேப்பண்ட்' என்பதைப் பள்ளியில் ஆயிரம் நோட்டுகளில் திருத்தியிருப்பேன். 'நடக்கப்பட்டது' என்று தமிழில் யாராவது சொல்கிறோமா? 'நடத்தப்பட்டது' என்போம். நட வேறு, நடத்து வேறு. ஹேப்பன், அக்கர், டேக் பிளேஸ் மூன்றும் 'நட' பக்கம். 'நடந்தது' என்ற பொருளில் அவற்றுக்கு முன்னால் 'வாஸ்' வராது. 'நடத்து' பக்கம் இருப்பது ஹோல்ட். அதனால் 'எ ஃபயர் டிரில் வாஸ் ஹெல்ட்' சரி.

இன்னொன்று, ஒருவருக்கு நேர்வது என்றால் 'ஹேப்பன் டு'. ஆபரேட்டர் கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு அதுதான் வேண்டும். 'ஐ ஹேப்பண்ட் டு சீ' என்றால் அப்படியே நம் 'பார்க்க நேர்ந்தது'. இந்த ஒற்றுமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் 'இட் அக்கர்ட் டு மீ' என்றால் 'எனக்குத் தோன்றியது' என்று பொருள் மாறிவிடும், ஜாக்கிரதை.

மொழிபெயர்ப்பு மேசை:
அம்மா சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். பத்திரிகையில் 'தி ஆக்சிடென்ட் டுக் பிளேஸ்' என்று பார்ப்பீர்கள், அது தவறில்லை. இடமும் நேரமும் சொல்லும்போது அப்படி எழுதுவது உண்டு. ரிப்போர்ட்டில் அக்கர்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தீ என்றால் இரண்டும் வேண்டாம், 'எ ஃபயர் ப்ரோக் அவுட்'. நாமும் தீ நடந்தது என்று சொல்வதில்லையே.

அக்கர்ட் எழுதும்போது 'சி' இரண்டு, 'ஆர்' இரண்டு. இரண்டாவது அசையில் அழுத்தம் விழுவதால் 'ஆர்' இரட்டிக்கிறது. ஹேப்பனில் அழுத்தம் முதல் அசையில், அதனால் கடைசி 'என்' ஒன்றே போதும்.

மில் ஃபிட்டர்:
நன்றி அம்மா, நன்றி சார். 'நடக்கப்பட்டது' என்றதும் சட்டென்று பிடிபட்டது. பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினேன், பதினொரு இடத்தில் 'வாஸ் ஹேப்பண்ட்'. ஒரு சந்தேகம்: பேரிங் தேய்மானம் மழைக்காலத்தில் அடிக்கடி வருகிறது என்று எழுத 'ஆஃபன் அக்கர்ஸ்' சரியா?

ஓய்வு ஆசிரியை:
மிகச் சரி தம்பி. 'பேரிங் வேர் ஆஃபன் அக்கர்ஸ் இன் த ரெய்னி சீசன்.' அப்படியே எழுதிக் கொடுங்கள்.