வியாழக்கிழமை அம்மாவோடு யார் போவது

குழு: நம்ம வீடு
செவ்வாய், இரவு 8:10

மீனா: எல்லாரும் கொஞ்சம் பாருங்கள். அம்மாவுக்கு வியாழன் காலை 8 மணிக்கு மூச்சுப் பரிசோதனை. மூன்று மணி நேரம் ஆகுமாம், யாராவது கூடவே இருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு ஆடிட். லீவ் என்ற வார்த்தையையே எடுக்க முடியாது.

உமா சித்தி: மூச்சா? அக்காவுக்கு ஆஸ்துமாவா, எப்போதிலிருந்து

மீனா: ஆஸ்துமா இல்லை சித்தி. வயிறு.

கணேசன் மாமா: வயிற்றுக்கு எதற்கு மூச்சைப் பிடிக்கிறார்கள். காசு பிடுங்க ஒரு வழி.

ரவி: மாமா வந்தாச்சு

கவிதா: மாமா, சிறுகுடலில் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. பெருங்குடலில் கோடிக்கணக்கில் இருப்பது இயல்பு, அதன் வீடே அதுதான். சிறுகுடலில் கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும். வயிற்று அமிலம் நிறையக் கொன்றுவிடும், தப்பி வருவதை வெறும் வயிற்றில் ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை குடல் தானாகவே கூட்டித் தள்ளிவிடும். அந்தக் கூட்டல் மந்தமாகிவிட்டாலோ, எங்காவது தேங்கி நின்றாலோ பாக்டீரியா அங்கேயே குடித்தனம் வைத்துவிடும். பெரியம்மா சாப்பிடுவதை அவருக்கு முன்னால் அது சாப்பிட்டுவிட்டு ஹைட்ரஜன் விடும். சிலருக்கு அதை வேறு நுண்ணுயிர்கள் மீத்தேனாக மாற்றிவிடும். அந்த வாயு ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய் மூச்சில் வெளியே வரும். அதைத்தான் அளக்கிறார்கள்.

கணேசன் மாமா: இவ்வளவு சுற்றி வளைத்து கடைசியில் கேஸ்தானே.

ரவி: மாமாவை ஊதச் சொன்னால் மிஷின் தாங்குமா கவிதா

உமா சித்தி: ஐயோ ரவி

மீனா: விளையாட்டு அப்புறம். வியாழன் யார்?

கணேசன் மாமா: கேஸ் எல்லாருக்கும்தான் இருக்கிறது. எனக்கு 20 வருடமாக இருக்கிறது. நான் ஊதிக்கொண்டா திரிகிறேன்.

கவிதா: கேஸ் மட்டும் என்றால் நானும் விட்டிருப்பேன் மாமா. சாயங்காலம் ஆனால் வயிறு மத்தளம் மாதிரி ஆகிறது, இரண்டு வருடமாக விட்டுவிட்டு பேதி, ஆறு கிலோ இறங்கிவிட்டது. ரத்தத்தில் பி12 குறைவு. பி12-ஐ அந்த பாக்டீரியாவே எடுத்துக்கொள்ளும். கொழுப்பு செரிக்கப் பித்தநீர் வேண்டும், அதையும் கெடுத்துவிடும், அதனால் கொழுப்போடு சேர்ந்து வருகிற ஏ, டி மாதிரி வைட்டமின்களும் வீணாகப் போகும். ஆனால் பெரியம்மா சுகருக்கு மெட்ஃபார்மின் போடுகிறார், அதுவும் பி12-ஐக் குறைக்கும், பேதியும் தரும். அதனால் இதுதான் என்று இப்போதே சொல்ல முடியாது. எடை குறைந்ததால் எண்டோஸ்கோபியும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதை மறந்துவிடாதீர்கள் அக்கா.

ரவி: கவிதா பத்தி பிரித்து எழுது, மூச்சு வாங்குகிறது

உமா சித்தி: சுகர்காரிக்குச் சர்க்கரைத் தண்ணி கொடுத்து ஊதச் சொல்வார்களாமே, பக்கத்து வீட்டில் சொன்னார்கள்

கவிதா: குளுக்கோஸ் என்றால் 75 கிராம் கொடுப்பார்கள். பெரியம்மாவுக்கு லாக்டுலோஸ், 10 கிராம். அது உடம்பில் சேராத சர்க்கரை, மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற அதே சிரப்தான். 90 நிமிடத்துக்குள் ஹைட்ரஜன் ஆரம்ப அளவைவிட 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) ஏறினால் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். மீத்தேன் எப்போது அளந்தாலும் 10 இருந்தால் போதும், ஆனால் அந்த வகையில் பெரும்பாலும் பேதி இருக்காது, மலச்சிக்கல்தான். குடல் ரொம்ப வேகமாக ஓடுகிறவர்களுக்கு சிரப் சீக்கிரமே பெருங்குடலுக்குப் போய்விடும், அப்போது இல்லாததை இருப்பதாகக் காட்டும். ரிப்போர்ட் வந்ததும் யாரும் குதிக்க வேண்டாம். அன்றைக்குக் காலையில் சுகர் மாத்திரை போடலாமா என்று நாளைக்கே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

மீனா: சரி. யார் போவது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

உமா சித்தி: எனக்கு முழங்கால். தெரியுமே.

மீனா: ரவி?

ரவி: பார்க்கிறேன்

உமா சித்தி: பார்க்கிறேன் பார்க்கிறேன் என்றுதான் அந்த ஆபரேஷன் அப்போதும் சொன்னான். பதினோரு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்தது நான்.

ரவி: சித்தி அப்போது எனக்குப் பரீட்சை. இதையே எத்தனை வருடம்

கவிதா: ஆபரேஷன் பேச்சு வந்ததும் நல்லதுதான். டாக்டர் அதைத்தான் துருவிக் கேட்டாராம். அடைப்புக்கு அறுத்தபோது எவ்வளவு குடலை எடுத்தார்கள், சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் இருக்கிற வால்வையும் சேர்த்து எடுத்தார்களா என்று தெரிய வேண்டும். அது போயிருந்தால் பெருங்குடல் பாக்டீரியா சிறுகுடலுக்கு ஏறி வரத் தடை இல்லை. ஒட்டிக்கொண்டு மடங்கின இடம் இருந்தாலும் தேங்கும். டிஸ்சார்ஜ் சம்மரி யாரிடம் இருக்கிறது?

மீனா: நீலப் பையில்.

உமா சித்தி: நீலப் பை என்னிடம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரவி: வீட்டுப் பத்திரமும் அந்தப் பையில்தானே இருந்தது

உமா சித்தி: அதனால்தான் சொன்னேன்.

கணேசன் மாமா: இப்போது எதற்குப் பத்திரப் பேச்சு. அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று போட்டால் பத்திரத்தில் வந்து நிற்கிறீர்கள். இரண்டு நாள் பட்டினி போட்டால் எந்தக் கிருமியும் செத்துவிடும்.

கவிதா: இரண்டு நாள் பட்டினியில் அது சாகாது மாமா, பெரியம்மாதான் இன்னும் இளைப்பார். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால் மாதிரி குடலில் சீக்கிரம் புளிப்பதைக் கொஞ்ச நாள் குறைத்தால் உப்புசம் அடங்கும், நோய் போகாது. ரொம்ப நாள் அப்படியே இருக்கவும் கூடாது. இது உறுதியானால் ரிஃபாக்ஸிமின் என்று ஒரு ஆன்டிபயாடிக், 550 மில்லிகிராம், தினமும் மூன்று, 14 நாள் என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். ரத்தத்தில் அநேகமாகக் கலக்காது, குடலோடு வேலை முடித்துக்கொள்ளும். மீத்தேன் என்றால் இன்னொன்றும் சேர்ப்பார்கள். ஆனால் மாத்திரை முடிந்தால் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஏன் தேங்கியது என்று கண்டுபிடிக்காவிட்டால் திரும்ப வரும். ஒரு ஆய்வில் சரியானவர்களில் 100-க்கு 44 பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் திரும்ப வந்திருக்கிறது. அதனால்தான் அந்தக் காகிதத்துக்கு இந்தப் பாடு.

ரவி: சரி வருகிறேன். புதன் ராத்திரி பஸ். டிக்கெட் போட்டுவிட்டேன்.

மீனா: நிஜமாகவா

உமா சித்தி: ஸ்கிரீன்ஷாட் போடு

அம்மா: ஏன்டா அலைகிறாய். எனக்குப் போன வாரம் நன்றாகத்தான் இருந்தது. அந்த ஐந்து நாள் மாத்திரையில் வயிறே தெரியவில்லை.

மீனா: எந்த ஐந்து நாள் மாத்திரை?

கவிதா: பெரியம்மா என்ன மாத்திரை

அம்மா: கணேசன் கொடுத்தான். அவனுக்குப் பல்லுக்கு எழுதினதில் மிச்சமாம்.

ரவி: மாமா!!!

கவிதா: பெரியம்மா அது ஆன்டிபயாடிக். எழுதாமல் போட்டதே தப்பு. அதோடு பரிசோதனைக்கு முன்னால் நான்கு வாரம் எந்த ஆன்டிபயாடிக்கும் போட்டிருக்கக் கூடாது. இருக்கிற பாக்டீரியா பாதி அடங்கியிருக்கும், இயந்திரம் ஒன்றுமில்லை என்று காட்டும், நாமும் வீட்டுக்கு வந்துவிடுவோம். மாத்திரையில் நன்றாக இருந்தது என்பதை மட்டும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அது அவருக்கு உதவும்.

மீனா: வேறு எதுவும் போடுகிறாயா அம்மா? உண்மையைச் சொல்.

அம்மா: அந்தக் கேஸ் மாத்திரை மட்டும். காலையில் ஒன்று.

மீனா: எத்தனை நாளாக

அம்மா: ஆபரேஷன் ஆனதிலிருந்து. ஒரு மாதத்துக்கு எழுதினார்கள், நான் நிறுத்தவில்லை.

கவிதா: அடக் கடவுளே. அது அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை, பாக்டீரியா சாகாமல் தப்பி வர அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நாளைக்கே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் நெஞ்செரிச்சல் பிடுங்கிவிடும். டாக்டர் சொல்லட்டும்.

கணேசன் மாமா: நல்லது நினைத்துத்தான் கொடுத்தேன். அக்கா ராத்திரி முழுக்க முனகினாள், நீங்கள் யாரும் அங்கே இல்லை.

உமா சித்தி: அண்ணா எனக்காவது ஒரு போன் பண்ணியிருக்கலாம்

மீனா: அப்போது வியாழன் கேன்சலா?

கவிதா: காலையில் போன் செய்து உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள் அக்கா. அநேகமாக ஒரு மாதம் தள்ளுவார்கள். ஆனால் எண்டோஸ்கோபியைத் தள்ள விடாதீர்கள்.

ரவி: டிக்கெட்டை என்ன செய்ய

அம்மா: வா. வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ.

உமா சித்தி: நீலப் பை??

அம்மா: என் பீரோவில்தான் இருக்கிறது. சாவி கணேசனிடம்.

ரவி: மாமா?

மீனா: நீல டிக் வந்துவிட்டது. பார்த்துவிட்டார்.