பழைய கிடங்கை இடிப்பதா, நூலகமாக மாற்றுவதா?

கேள்வி:
நூறு வருடம் தாண்டிய ஒரு செங்கல் கிடங்கு. அதை நூலகமாக மாற்றலாம் என்று நான் சொல்ல, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் மின்சாரம் மிச்சமாகும், சுற்றுச்சூழலுக்கும் அதுதான் நல்லது என்கிறார்கள் குழுவில். எனக்கு இடிக்க மனசு வரவில்லை, ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டத்தில் பேச முடியாதே. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
மின்சாரத்தை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் ஏறக்குறைய 7 முதல் 8% சிமென்ட் உற்பத்தியிலிருந்தே வருகிறது. உங்கள் கிடங்கின் செங்கல்லைச் சுட்ட புகை எப்போதோ போய்விட்டது, இடித்தால் அந்தச் செங்கல் குப்பைமேடாகும், அப்புறம் சிமென்ட், கம்பி என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தயாரிக்க வேண்டும். அந்தக் கடனைப் புதுக் கட்டடம் மின்சாரத்தை மிச்சம் பிடித்து அடைக்கப் பல வருடம் பிடிக்கும். உமிழ்வைக் குறைக்க வேண்டியதோ இப்போது!

பதில் 2:
பாரிஸில் 1900-இல் திறந்த ஓர்சே ரயில் நிலையத்தின் நடைமேடைகள் பிற்பாடு வந்த நீளமான ரயில்களுக்குப் போதவில்லை. இடிக்கத்தான் இருந்தார்கள். 1986 முதல் அது அருங்காட்சியகம். வியன்னாவில் நான்கு பழைய எரிவாயுத் தொட்டிகளின் செங்கல் சுவரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே வீடுகள் கட்டினார்கள். உங்களுக்கு இன்னொரு வசதி, கிடங்குத் தளம் பெரும்பாலும் மூட்டைகளின் பாரத்தைத் தாங்கவே போட்டதாக இருக்கும், புத்தக அலமாரியும் லேசுப்பட்ட பாரம் இல்லை. ஆனாலும் பொறியாளரை வைத்துச் சோதிக்காமல் ஒரு அலமாரிகூட ஏற்றாதீர்கள், முக்கியமாக மர உத்தரம் சுவருக்குள் நுழையும் முனை, அங்கேதான் முதலில் உளுக்கும்.

பதில் 3:
சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதா என்று பாருங்கள். அப்படியானால் தயவுசெய்து சிமென்ட் பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும், மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி உப்பு பூக்கும். நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் யாரோ முன்பு பூசியிருந்த சிமென்ட்டைத் தட்டிப் பெயர்த்தபோது பின்னால் இருந்த செங்கல் விரல் பட்டதுமே மாவாக உதிர்ந்தது. ரொம்ப வேதனையாக இருந்தது.

கேட்டவர்:
நன்றி. சுண்ணாம்பைப் பற்றி எங்களில் ஒருவரும் யோசிக்கவே இல்லை. கூட்டத்துக்கு முன்னால் பொறியாளரோடு போய் உத்தர முனைகளையும் பார்த்துவிடுகிறேன்.