பேச்சி ஆச்சி வாரிசுகள் குழு: கார்த்தியோட மோசூல் வீரன்

*கார்த்தி:* 📷 போட்டோ
அடுத்த மினியேச்சர் பொம்மை ரெடியாகுது. ஈராக் பயங்கரவாத எதிர்ப்புப் படை மேஜர், ஐஎஸ் பயங்கரவாதிங்ககிட்ட இருந்து மோசூல் நகரத்த மீட்ட சண்டை, 2016-17. இன்னும் பெயின்ட் முடியல. ராகவன் மாமா, பாத்துட்டு சொல்லுங்க

*ராகவன் மாமா:* மேஜர்னு எழுதியிருக்க. வெறும் கழுகு மட்டும் இருக்கே மாப்ள?

*கார்த்தி:* அங்க மேஜருக்கு கழுகு மட்டும்தான் மாமா. கேப்டனுக்கு மூணு நட்சத்திரம். லெப்டினன்ட் கர்னல்னா கழுகோட ஒரு நட்சத்திரம்

*ராகவன் மாமா:* அட, நம்ம ஆர்மி கணக்கேதான்! நமக்கு கழுகு இருக்கிற இடத்துல அசோகச் சிங்கம். ரெண்டு பேருக்கும் வெள்ளக்காரன் வச்ச முறை

*கார்த்தி:* ஆமா மாமா. 1958ல ராஜா ஆட்சி போனதும் கிரீடமும் போயிருச்சு, பின்னால கழுகு வந்துச்சு

*ராகவன் மாமா:* சரி, ரேங்க்கை ஏன் நெஞ்சுல வச்சிருக்க?

*கார்த்தி:* குண்டு துளைக்காத அங்கி போட்டா தோள் மறைஞ்சிரும்ல. அதான் வெல்க்ரோல முன்னாடி ஒட்டுறது. கொடியும் படைச் சின்னமும் மேல்கைக்குப் போயிரும். அமெரிக்கச் சிறப்புப் படைதான் 2003க்கு அப்புறம் இவங்களைப் பயிற்சி கொடுத்து உருவாக்குனது, அந்தப் பழக்கம் உடுப்புலயும் வந்திருச்சு

*சுமதி சித்தி:* அந்த ஊர் வெயில்ல கறுப்புத் துணியா? பாவம்பா

*கார்த்தி:* ராத்திரில வீடு புகுந்து ஆளைப் பிடிக்கிற படை சித்தி. கறுப்புதான் அவங்க அடையாளமே. வண்டியும் கறுப்பு. 2017 ஜூலைல மோசூலுக்கு வந்த பிரதமர் அபாதியும் கறுப்பு ராணுவ உடுப்புலதான் வந்தாரு. ஆனா பகல் சண்டைல நிறைய பேரு புள்ளி போட்ட உருமறைப்பு உடுப்புலயும் இருந்தாங்க, நானும் அதைத்தான் எடுத்திருக்கேன்

*சுமதி சித்தி:* முகத்த ஏன் மூடியிருக்கான்?

*கார்த்தி:* ஆள் அடையாளம் தெரிஞ்சா பயங்கரவாதிங்க வீட்டுல இருக்கிறவங்கள தேடிப்போய் கொன்னாங்க சித்தி. அதனால முகமும் கிடையாது, பேர்ப்பட்டையும் கிடையாது. சட்டைல இருக்கிற சின்னத்த வச்சுத்தான் யாரு என்னன்னு தெரியணும்

*ராகவன் மாமா:* அதுலயும் ஆபத்து இருக்கு. சட்டைய கடைல வாங்கி மாட்டிக்கிட்டா எவனும் போலீஸ் ஆயிரலாம்

*கார்த்தி:* அதேதான் நடந்துச்சு. போலீஸ் உடுப்புல வந்து ஆளைக் கடத்துனாங்க. 2006ல தேசியப் போலீஸுக்கு எளிசா காப்பி அடிக்க முடியாத புது டிசைன் துணி கொடுத்தாங்க

*கார்த்தி:* மாமா, முகமூடில மண்டை ஓடு வரையவா? மோசூல் போட்டோக்கள்ல சில பேரு போட்டிருக்காங்க

*ராகவன் மாமா:* வேண்டாம்

*சுமதி சித்தி:* வேண்டாம்டா. ரெண்டரை வருசம் ஐஎஸ் கிட்ட மாட்டிக்கிட்டு இருந்த சனங்க. காப்பாத்த வர்றவன் மூஞ்சியப் பாத்தும் குழந்தைங்க பயப்படணுமா?

*கார்த்தி:* நடந்தத மறைக்கக் கூடாதுல்ல சித்தி

*ராகவன் மாமா:* சிப்பாய் போட்டிருந்தா வரை, அது நடந்தது. நீ செய்றது மேஜர். அதிகாரி சட்டைல அரசு கொடுத்தது மட்டும் இருக்கணும். கீழ உள்ளவன் அவனைப் பாத்துத்தான் நடப்பான்

*தீபா அக்கா:* நான் மாமா கட்சி. அங்க ஷியா சன்னி பிரச்சினை வேற இருக்கே, அதெல்லாம் உடுப்புல தெரியுமா?

*கார்த்தி:* நல்ல கேள்விக்கா. இந்தப் படைல ஷியா, சன்னி, குர்து எல்லாரும் உண்டு. ஆனா சில வண்டிகள்ல ஷியாக்களோட இமாம் ஹுசைன் கொடி பறந்துச்சு. மோசூல் சன்னி ஜனங்க அதிகமா இருக்கிற ஊரு

*தீபா அக்கா:* அப்போ மேல்கைல இருக்கிற தேசியக் கொடிதான் ரொம்ப முக்கியம். அதை நல்லா வரை

*கார்த்தி:* அதான்கா கஷ்டம். நிஜத்துல எட்டு சென்டிமீட்டர், பொம்மையோட 1/35 அளவுல ரெண்டு மில்லிமீட்டர் சொச்சம். நடுவுல அரபி எழுத்து வேற

*ராகவன் மாமா:* கொடில மூணு பச்சை நட்சத்திரம் இருக்கும்ல?

*கார்த்தி:* 2008ல எடுத்துட்டாங்க மாமா. மோசூல் சண்டைக்கு எழுத்து மட்டும்தான்

*ராகவன் மாமா:* சரி, மண்டை ஓட்ட விட்டுட்டு முதல்ல அதை முடி. ஞாயித்துக்கிழம போட்டோ அனுப்பு, கிட்டத்துல எடு