ஸாஃப்ட் கோரல், ஃபிராக்: வெள்ளிக்கிழமைக்குள் சொல் வேண்டும்

மீன்தொட்டியான் எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். கொளத்தூரில் கடல்நீர்த் தொட்டி விற்கும் கடை ஒன்றுக்காக, பவளம் வாங்க வருவோருக்குக் கொடுக்கும் நான்கு பக்கக் கையேட்டை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். இரண்டு சொற்களில் வண்டி நின்றுவிட்டது. ஸாஃப்ட் கோரல் என்பது கல்கூடு கட்டாமல், நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும் பவளம். அதற்கு ‘மென்பவளம்’ என்று போட்டிருக்கிறேன். ஃபிராக் என்பது தாய்ப் பவளத்திலிருந்து வெட்டி, சிறு கல்லில் ஒட்டி வளர்த்து விற்கும் துண்டு. அதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

மயிலைப் புலவன்:
மென்பவளம் இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் பவளம் என்ற சொல்லே வடமொழிப் பிரவாளத்தின் வழிவந்தது என்பார் உண்டு. பழந்தமிழர் துகிர் என்றார்கள். பட்டினப்பாலையில், புகார் வீதியில் ‘தென்கடல் முத்தும் குணகடல் துகிரும்’ வந்து குவிகின்றன. குணகடல் வேறெங்கோ இல்லை; மெரினாவில் நின்றால் காலை நனைப்பது அதுதான். மென்துகிர் என்றே எழுதுங்கள்.

பெரம்பூர் ஆசிரியை:
ஐயா, மென்தோள் மென்றோள் ஆவதுபோல அது மென்றுகிர் ஆகிவிடுமே! ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். “எதை மென்று, டீச்சர்?” என்றாள் ஒருத்தி. துகிர் என்றால் துகில் என்று எண்ணி வாடிக்கையாளர் தியாகராய நகருக்குப் பஸ் ஏறிவிடுவார்.

அம்பத்தூரான்:
ஃபிராக்குக்குச் சொல் நம்மிடமே இருக்கிறது. எங்கள் ஊரில் முருங்கையைப் போத்து வெட்டித்தான் நடுவோம். வெட்டிய கிளை வேர்விட்டுத் தனி மரமாகிவிடும். பவளத்தில் நடப்பதும் அதுதானே? ‘பவளப் போத்து’.

மயிலைப் புலவன்:
போத்து! தொல்காப்பிய மரபியலைப் பாருங்கள். பெற்றம், எருமை, புலி, மரை, புல்வாய் ஆகியவற்றின் ஆணைப் போத்து என்று சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவிலேயே ‘நீர்வாழ் சாதியும் அது பெறற்கு உரிய’ என்கிறார். நீர்வாழ் உயிருக்கு இந்தப் பெயர் என்றைக்கோ அனுமதிக்கப்பட்டுவிட்டது. துகிரை விட்டாலும் இதை விடமாட்டேன்.

பெரம்பூர் ஆசிரியை:
அது ஆண்பாற்பெயர் அல்லவா? வெட்டிய துண்டு தாயின் நகல். தாய் பெண்ணானால் துண்டும் பெண். ‘பெண் போத்து’ என்று அச்சடிப்பீர்களா? அம்பத்தூரார் சொல்லும் முருங்கைப் போத்துக்கும் மரபியலின் எருமைப் போத்துக்கும் எழுத்தைத் தவிர உறவில்லை.

அலைக்கரையாள்:
கடலுயிரியல் படித்தவள் என்பதால் குறுக்கிடுகிறேன். பெயருக்குள் எதை அடைக்கிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லையே? முறையான மென்பவளத்தில் ஒவ்வொரு பாலிப்புக்கும், அதாவது பவளக் கூட்டத்தின் ஒவ்வொரு சிற்றுயிருக்கும், எட்டுக் கைகள். கடைகளில் ஸாஃப்ட் என்று விற்கும் ‘சோவாந்திட்’ என்னும் வகையும் காளான் பவளமும் அந்த இனமே அல்ல, கல்பவளத்தின் உறவினர்கள். எண்கைப் பவளம் என்று திருத்தப் போனால் கடல் விசிறி உள்ளே வந்துவிடும். கடல் விசிறியும் கல்பவளங்களும் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்படும் உயிர்களின் பட்டியலில் 2001-இல் சேர்க்கப்பட்டவை. ஆகவே மென்பவளம் என்பதைக் கடைகளில் வழங்கும் சொல்லாகவே வைத்துக்கொண்டு, எவையெவை என்று பெயர் சொல்லிவிடுங்கள். சோவாந்திடுக்கு எதிரே ‘கையுறை போடவும்’ என்று பெரிய எழுத்தில் வேண்டும். சில வகைகளில் பாலிடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. போத்தா துண்டா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மீன்தொட்டியான்:
நன்றி அம்மா, சேர்த்துவிட்டேன். இன்னொன்று: தோல் பவளம் என்னும் மென்பவளம் சில நாள் சுருங்கிக் கிடந்து மேல்படலத்தை உதிர்க்கும். வாங்கியவர் செத்துவிட்டது என்று திருப்பிக் கொண்டுவருகிறாராம். அதற்குப் பாம்பைப்போல ‘சட்டை உரித்தல்’ என்று எழுதினேன்.

அம்பத்தூரான்:
இதற்கு மட்டும் எதிர்ப்பே இல்லையா! அப்படியே விட்டுவிடுங்கள், புலவர் பார்ப்பதற்குள்.

மீன்தொட்டியான், வெள்ளி மதியம்:
மென்பவளத்துக்கு ஐந்து பேர், மென்றுகிருக்கு ஒருவர். போத்துக்கு மூன்று, துண்டுக்கு நான்கு. அதில் இருவர் ‘ஏதாவது ஒன்று, ஆளை விடுங்கள்’ என்று எழுதியவர்கள். மெய்ப்பைப் பார்த்த கடைக்காரர், துண்டுக்குப் பக்கத்தில் பேனாவால் ஃபிராக் என்றும் எழுதிவிட்டார். அப்படியே அச்சேறுகிறது. முதல் பக்கத்தைப் படமாக இணைத்திருக்கிறேன்.

மயிலைப் புலவன்:
படம் கண்டேன். தலைப்பில் ‘மென்பவள துண்டு’ என்று இருக்கிறது. ‘மென்பவளத் துண்டு’. ஒற்று எங்கே? போத்து என்றிருந்தாலும் ப் வேண்டும்.